பத்தொம்போது செகண்டு

குடிய விடறதுக்காகப் பாண்டிச்சேரிக்கு வந்த ஒரே ஆளு இந்த ஒலகத்துலயே எங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும்.

சனிக்கெழம ஆச்சுன்னா மெட்ராஸ்லேருந்தும் பெங்களூர்லேருந்தும் குடிக்கறதுக்குன்னே கார் போட்டுக்கிட்டு சனம் இங்க வந்து எறங்குது. இந்த மனுஷன் குடிக்காம இருக்கறதுக்கு வந்தாரு. நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன். சேலம் இல்லையா, தேனி இல்லையா, நமக்கு வேற ஊரா கெடைக்கலன்னு கேட்டேன். "மெட்ராஸ்ல குடிக்காம இருக்கறது ஒரு பெரிய விஷயமாடி? பாண்டிச்சேரியில குடிக்காம இருந்தாத்தான் அது குடிக்காம இருக்கறது"ன்னாரு. அவங்க அப்பா கட்டின வீடு தவளக்குப்பத்துல பூட்டிக் கெடந்துச்சு, மெட்ராஸ்ல வாடக குடுக்க வழியில்ல, அதான் நெஜம். அத மட்டும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு.

இவரு யாருன்னே நான் சொல்லல பாருங்க. காதாட்டி கண்ணையன். படத்துல பாத்திருப்பீங்க. ஹீரோ பக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு கிளாஸ் சரக்க ஒரே மடக்குல ஊத்திக்குவாரு. ஒரு செகண்டு ஒண்ணுமே ஆகாது. அப்புறம் எடது காது ஆடும். அது நின்னதும் வலது காது ஆடும். தியேட்டர்ல சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நாப்பது படம் இதையேதான் பண்ணாரு, நாப்பது படத்துலயும் சிரிச்சாங்க.

அந்தக் காது விஷயம் எனக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. அது மொதல்ல அவரு ஆட்டினதே இல்ல. பயந்தா தன்னால ஆடும். தாலி கட்டறப்ப ஆடிச்சு. எங்க பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல ஆடிச்சு. மொதமொதல்ல கேமரா முன்னாடி போய் நின்னப்ப பயத்துல ஆடியிருக்குது, அதப் பாத்து அந்த டைரக்டர் சிரிச்சிட்டாரு, அதுவே பொழப்பாப் போச்சு. அப்புறம் வேணுங்கறப்ப ஆட்டறதுக்குக் கத்துக்கிட்டாரு. வித்தியாசம் என்னான்னா, நடிப்புன்னா எடது மொதல்ல, வலது அப்புறம். பயம்னா ரெண்டும் ஒண்ணா ஆடும்.

இருவத்திரெண்டு வருஷம் குடிச்சாரு. அதெல்லாம் இப்ப எதுக்கு. ஷூட்டிங்குக்குப் போகாம ரூம்ல கெடந்தது, கூப்புட்டவங்கள்லாம் கூப்புடாம விட்டது, ஒரு நாள் ரத்தமா வாந்தி எடுத்தது, எல்லாம் முடிஞ்சு போச்சு. கடைசியில டாக்டரு சொன்னது மட்டும் எனக்கு மறக்கல. "ஒரு மடக்கு உள்ள போனா போதும்மா. ஒரு மடக்கோட இவரு நிக்க மாட்டாரு, நிக்காட்டி ஈரல் தாங்காது"ன்னாரு. அன்னிக்கு விட்டாரு. தெனம் காலையில எழுந்து கேலண்டர்ல நேத்துத் தாளக் கிழிச்சு, மாவாட்டிக்கிட்டு இருக்கற என் கையில குடுப்பாரு. "இந்தா, நேத்து." அவ்வளவுதான். நான் அத வாங்கி அரிசி மூட்ட மேல போட்டு வைப்பேன். நாலு வருஷம் ரெண்டு மாசம் அப்படி ஓடிச்சு.

நான் பண்றது இட்லி மாவு வியாபாரம். தவளக்குப்பம் ஜங்ஷன்ல யாரக் கேட்டாலும் ஆதிலட்சுமி மாவுன்னா தெரியும். இவர நான் மார்க்கெட்டுக்கு அனுப்பறதே ஒரு சர்க்கஸ். நேர் ரோட்டுல போனா மூணு ஒயின் ஷாப்பு. அதனால பின்னாடி வாய்க்கா ஓரமா, குப்பமேடு தாண்டி, நாயி கொலைக்கற சந்து வழியா சுத்திப் போகச் சொல்லுவேன். அஞ்சு நிமிஷத்து வேலைக்கு அரை மணி நேரம். கத்திரிக்கா வாடி வீடு வந்து சேரும். வாடட்டும்.

இப்படி ஓடிக்கிட்டு இருந்தப்பத்தான் போன மார்கழியில ஒரு புள்ள ஸ்வீட் பாக்ஸோட வந்து நின்னான். பேரு இளம்பரிதி, டைரக்டராம். முப்பது வயசு கூட இருக்காது. இவரோட வாழ்க்கய எட்டு எபிசோடு தொடரா எடுக்கப் போறானாம், பெரிய கம்பெனி, ஃபோன்லயும் டிவியிலயும் வருமாம். "சாரோட வலிய சொல்லப் போறோம்மா"ன்னான்.

"அந்த வலிய நாங்க பாத்துட்டோம் தம்பி. இன்னொரு தடவ டிவியில வேற பாக்கணுமா?"ன்னேன்.

நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், இவரு அதுக்குள்ள அந்தப் பையனுக்குக் காப்பி கொண்டாந்து குடுத்துட்டாரு. சட்ட வேற மாத்திக்கிட்டு வந்திருக்காரு. நாலு வருஷமா ஃபோன் அடிச்சா கேஸ் கம்பெனியா இருக்கும், இல்லாட்டி மாவு கேட்டு யாராவது. சினிமாக்காரன்னு ஒருத்தன் வாசப்படி மிதிச்சதில்ல. இவரு மூஞ்சியில இருந்த வெளிச்சத்தப் பாத்துட்டு எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல. ஆனா ஒரு கண்டிஷன் போட்டேன்.

"இவரு நடிக்கக் கூடாது. எப்படி நடிச்சேன்னு வாயால சொல்லித் தரட்டும். ஆனா கிளாஸக் கையால தொடக் கூடாது. உள்ள டிகாக்‌ஷனா இருந்தாலும் சரி, பச்சத் தண்ணியா இருந்தாலும் சரி."

"ப்ராமிஸ்ம்மா"ன்னு அந்தப் புள்ள தலய ஆட்டிக்கிட்டே என் கையில அடிச்சு சத்தியம் பண்ணான். இவரும் தலய ஆட்டினாரு. ரெண்டு பேரும் நல்லா ஆட்டினாங்க.

கதய எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. கேட்டுட்டு எனக்கு வந்த ஆத்திரம் இருக்குதே! எம் பேரு யாழினியாம். பரதநாட்டியம் ஆடறவளாம். மழையில நனஞ்சுக்கிட்டு, "உன் சிரிப்புக்குள்ள நான் தொலஞ்சு போயிட்டேன்"னு வசனம் பேசறாளாம். நான் இந்த மனுஷங்கிட்ட அதிகமாப் பேசின வசனம் "செருப்ப வெளிய விடுங்க"தான். அதெல்லாம் விடுங்க, இவரு பொறந்தது தவளக்குப்பத்துல ஓட்டு வீட்டுல, மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்து ரூம்ல. அதப் போய்ப் பாத்துட்டு, "விஷுவலா இல்லம்மா"ன்னுட்டு, வெள்ளக்காரத் தெருவுல துமாஸ் தெருப் பக்கமா ஒரு பெரிய மஞ்சச் செவுரு வீட்டப் புடிச்சுட்டாங்க. எங்க மாமனாரு அந்தத் தெருவுல நடந்துகூடப் போனதில்ல.

அந்த வீடு முசியே மிஷேலோடது. தமிழ்க்காரருதான், பிரெஞ்சு மிலிட்டரியில இருந்துட்டு பென்ஷன்ல இருக்காரு. எழுவது வயசுக்கு மேல ஆகுது. சம்சாரம் மக வீட்டுக்குப் பிரான்ஸுக்குப் போயிருந்தாங்க, அவரு மட்டும் தனியா. இஸ்திரி போட்ட சட்ட, வீட்டுக்குள்ளயும் ஷூ. எங்க வீட்டுக்காரரப் பாத்ததும் அந்த மனுஷன் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "கண்ணையன் சார், ரெஜிமெண்ட்ல நாங்க தமிழாளுங்க ஞாயித்துக்கெழமைன்னா உங்க கேசட்டுதான் போட்டுப் பாப்போம். வெளியில பனி கொட்டும், உள்ள நாங்க சிரிச்சுக்கிட்டு இருப்போம்"னாரு. என்னப் பாத்து, "மதாம், இது உங்க வீடு மாதிரி"ன்னு சேரத் தொடச்சுப் போட்டாரு. ரொம்ப நல்ல மனுஷன். அதுதான் எனக்கு இன்னி வரைக்கும் வயித்தெரிச்சல். கெட்டவனா இருந்தா நாலு கேள்வி கேட்டு மனச ஆத்திக்கலாம்.

தை மாசம் பொங்கல் முடிஞ்ச மறு வாரம் ஷூட்டிங். நானும் கூடப் போனேன். போகாம விடுவேனா? அன்னிக்கு எடுத்தது அந்தக் காது சீன். இவரு மொதமொதல்ல ஒரே மடக்குல கிளாஸக் காலி பண்ணி, காத ஆட்டி, சான்ஸ் வாங்கற எடம். இவரா நடிக்க வந்தவன் பிரேம்குமார்னு ஒரு பையன். ஜிம்முக்குப் போய் ஒடம்ப முறுக்கி வச்சிருக்கான், பல்லு வரிசையா இருக்குது, பாக்க நல்லாத்தான் இருந்தான். ஆனா காது ஆடாது. எப்படி ஆடும்? அதுக்கு இந்த அறிவாளிங்க ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. மீன் புடிக்கற நரம்ப அவன் காதுக்குப் பின்னாடி ஒட்டி, ரெண்டு ஆளு ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்கிட்டு இழுக்கறது.

மொத டேக்ல ரெண்டு பேரும் ஒண்ணா இழுத்துட்டாங்க. ரெண்டாவதுல எடது பக்கத்து ஆளு தும்மிட்டான். மூணாவதுல காது நல்லாத்தான் வந்துச்சு, நரம்பு பிச்சுக்கிச்சு, அந்தப் பையன் "அம்மா"ன்னு கத்திட்டான். ஒவ்வொரு தடவயும் ஒரு கிளாஸ் டிகாக்‌ஷன். ஒம்போது டேக் போச்சு. அந்தப் புள்ளைக்கு டிகாக்‌ஷன் குடிச்சு குடிச்சு வயித்தக் கலக்கி, பாத்ரூமுக்கு ஓடிட்டான்.

இவரு மானிட்டருக்குப் பக்கத்துல சேர்ல ஒக்காந்து எல்லாத்தயும் பாத்துக்கிட்டு இருந்தாரு. மொத டேக்குக்குச் சிரிச்சாரு. அஞ்சாவதுக்கு நெத்தியத் தேய்ச்சாரு. ஒம்போதாவதுக்கு சேரோட நுனிக்கு வந்துட்டாரு. "கிளாஸப் புடிக்கறதே தப்புடி. குடிகாரன் கிளாஸப் புடிக்க மாட்டான், கிளாஸுதான் அவனப் புடிக்கும்"னு எங்கிட்ட கிசுகிசுத்தாரு. "வாயால சொல்லுங்க, போதும்"னேன். "வாயால சொன்னா வருமாடி இதெல்லாம்?"னு எம்மேலயே எரிஞ்சு விழுந்தாரு.

இந்த நேரத்துலதான் முசியே மிஷேல் ஒரு காரியம் பண்ணாரு. எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன். காலையிலேருந்து ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. அவருக்கு மனசே கேக்கல. நம்ம வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கண்ணாடி கிளாஸ்ல தேத்தண்ணிய ஊத்திக் குடுக்கறாங்களேன்னு மொதல்லேருந்தே அவருக்கு வெக்கமா இருந்திருக்குது. விருந்தாளி வந்தா சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் ஊத்திக் குடுக்கறது அவங்க வீட்டு மரியாத. அதுக்கு மேல, ஒம்போது தடவ டிகாக்‌ஷன் குடிச்சா எவனுக்கு நடிப்பு வரும், நெஜத்தக் குடுத்தா தன்னால வரும்னு அவருக்கு ஒரு யோசன. உள்ள போய், பிரான்ஸ்ல தூலோன்லேருந்து தம்பி கொண்டாந்த கோன்யாக் பிராந்தி பாட்டில, பன்னெண்டு வருஷமா தொறக்காம வச்சிருந்தத, அன்னிக்குத் தொறந்திருக்காரு. மேச மேல இருந்த கிளாஸக் கழுவி, தொடச்சு, அதுல ஊத்தி வச்சுட்டாரு. கலரு அச்சு அசல் டிகாக்‌ஷன்தான். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா வேணாம்பாங்கன்னு.

பிரேம்குமார் பாத்ரூம்லேருந்து வெளறிப் போய் வந்தான். "சார், எனக்கு வரல சார்"னு அழுவற மாதிரி இவரப் பாத்துச் சொன்னான்.

அவ்வளவுதான். இவரு எழுந்துட்டாரு.

"தள்ளு. நான் காட்டறேன், ஒரே தடவ பாத்துக்க."

"ஏங்க!"ன்னேன். திரும்பல. "ஏங்க, நான் என்னா சொல்லியிருக்கேன்?"ன்னேன். "டிகாக்‌ஷன்தான்டி, சும்மா இரு"ன்னு கைய மட்டும் பின்னாடி ஆட்டினாரு. எனக்குத் தெரியும் அந்த நட. நாலு வருஷமா கத்திரிக்கா வாங்கப் போன மனுஷன் நடக்கற நட இல்ல அது. லைட்டுக்குள்ள போறாரு. அந்த டைரக்டர் புள்ளையப் பாத்தேன். கையில அடிச்சு சத்தியம் பண்ணவன், அதே கையால கேமராக்காரனுக்கு சைக காட்டறான், ஓட விடுன்னு.

இவரு மேச முன்னாடி நின்னாரு. கிளாஸப் பாக்காமலே எடுத்தாரு. அது அவரோட கைக்குள்ள தானா வந்து ஒக்காந்த மாதிரிதான் இருந்துச்சு. ஒரே மடக்கு. மொத்தத்தயும் வாயில கவுத்துக்கிட்டாரு.

முழுங்கல.

கன்னம் ரெண்டும் புஸ்ஸுன்னு உப்பிக்கிட்டு அப்படியே நின்னாரு. கண்ணு பெருசாச்சு. எல்லாரும் ஏதோ புதுசாப் பண்றாருன்னு நெனச்சு மொதல்ல லேசா சிரிச்சாங்க. எனக்கு அப்பவும் புரியல. அப்புறம் காது ஆடிச்சு. ரெண்டும் ஒண்ணா ஆடிச்சு.

சிரிப்புன்னா சிரிப்பு, அந்த ஹாலே அதிருது. நரம்பு இழுக்கறவங்க தரையில ஒக்காந்து சிரிக்கறாங்க. பிரேம்குமார் கை தட்டறான். முசியே மிஷேல் கண்ணத் தொடச்சுக்கிட்டு சிரிக்கறாரு, தன்னாலதான் இப்படிக் களை கட்டிச்சுன்னு அவருக்குப் பெரும. இந்த மனுஷன் உப்பின வாயோட என்னையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. துப்பறதுக்குப் பக்கத்துலயே பூந்தொட்டி இருக்குது. ஜன்னல் தொறந்து இருக்குது. தரையில துப்பினாக் கூட யாரு கேக்கப் போறாங்க? துப்பல. துப்பறதுக்கு எடம் தேடற மூஞ்சி இல்ல அது. அந்த மூஞ்சிய நான் இருவத்திரெண்டு வருஷம் பாத்திருக்கேன்.

நான் எப்படிப் போனேன்னு எனக்குத் தெரியாது. லைட்ட இடிச்சேனாம், ஒயர் மேல விழப் பாத்தேனாம், அப்புறம் சொன்னாங்க. அவரு முன்னாடி போய் நின்னு, கோயில்ல தீர்த்தம் வாங்கற மாதிரி ரெண்டு கையையும் சேத்து ஏந்தினேன். பேசினா அழுதுடுவேன். அவரு என் கையப் பாத்தாரு. என் மூஞ்சியப் பாத்தாரு. திரும்பக் கையப் பாத்தாரு. அப்புறம் குனிஞ்சு என் கையில துப்பிட்டாரு, மொத்தமா. வெதுவெதுன்னு இருந்துச்சு. வாசன தூக்கி அடிச்சுது.

"கட்! கட்! சார், என்னா சார் இது! காதப் பாத்தீங்களாடா! சார், சேஃப்டிக்கு ஒன் மோர் போயிடலாமா?"

அந்த டைரக்டர் புள்ள ஓடி வரான். ஒன் மோராம். அப்படியே ஒழுகற கையோட போய் அவன் மூக்குக்கு நேரா நீட்டினேன். "மோந்து பாரு"ன்னேன். அவன் மோந்தான். சிரிப்பு அப்படியே நின்னு போச்சு அந்த மூஞ்சியில. அவன் மொகத்தப் பாத்து பக்கத்துல இருந்தவன் நிறுத்தினான், அப்புறம் ஒவ்வொருத்தனா நிறுத்தினாங்க. "இதுதான் உன் ப்ராமிஸா? படுபாவி, என் கையில அடிச்சியே!"ன்னு கத்தினேன். அந்த ஹால்ல என் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. இவரு முத்தத்துக் கொழாயத் தொறந்து விட்டுக்கிட்டு வாயக் கொப்புளிச்சுக்கிட்டே இருந்தாரு.

முசியே மிஷேல் தானா முன்னாடி வந்தாரு. "மதாம்... நான்தான் மதாம். நல்ல சரக்கு, என் தம்பி கொண்டாந்தது, வீட்டுல வச்சிருந்தது. மரியாதைக்குத்தான் ஊத்தினேன். நான் என்னா விஷத்தயா ஊத்தினேன்?"

"ஆமா முசியே. இவருக்கு அது விஷந்தான்."

"எனக்குத் தெரியாதே மதாம். கதையில குடிக்கறாருன்னாங்க. விட்டுட்டாருன்னு யாருமே சொல்லலையே."

அது என்னமோ நெஜந்தான். எட்டு எபிசோடுல ஏழே முக்கால் குடிக்கறதுதான். விட்டது கடைசியில ரெண்டு நிமிஷம், யாழினி ஆடற பாட்டுக்கு நடுவுல வருது. அந்த மனுஷன் "பர்தோன், பர்தோன்"னு சொல்லிக்கிட்டு சின்னப் புள்ள மாதிரி அழறாரு. இவரு கொழாய்கிட்டேருந்து வந்து, ஈர வாயத் தொடச்சுக்கிட்டு, "நல்ல சரக்கு முசியே, உங்க தம்பிக்கு நன்றி சொல்லுங்க"ன்னு அவரு தோள்ல தட்டறாரு. எனக்கு வந்துச்சே கோவம்! அந்தக் கொழாய்லயே தலய முட்டிக்கலாம்னு இருந்துச்சு.

ஆட்டோ புடிச்சு ஏறினோம். அவரு கைய புடிச்சுக்கணும்னு இருந்துச்சு எனக்கு. எப்படிப் புடிக்கறது? சோப்புப் போட்டு மூணு தடவ கழுவியும் என் கையில அந்த வாசன போகல. அவரு மூக்குப் பக்கம் போகக் கூடாதுன்னு கை ரெண்டையும் ஆட்டோவுக்கு வெளிய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். டிரைவரு, "அம்மா, கைய உள்ள எடு, பஸ்ஸு வருது"ன்னு கத்திக்கிட்டே வந்தான். முதலியார்பேட்ட வரைக்கும் இவரு வாயத் தொடச்சுக்கிட்டே வந்தாரு. முருங்கப்பாக்கம் வந்ததும், "நிறுத்துப்பா"ன்னாரு.

பாத்தா, ஒயின் ஷாப்பு. எறங்கிட்டாரு. பின்னாடியே போய் மறிக்கலாம், கூப்பாடு போடலாம், ஒண்ணும் பண்ணல. மறிச்சு மறிச்சு எத்தன வருஷம்? போறதுன்னா இன்னிக்கே போய்த் தொலையட்டும்னு கூட நெனச்சேன், பொய் சொல்லல. அவரு அந்தக் கட வாசல்ல ஒரு நிமிஷம் நின்னாரு. அப்புறம் அதத் தாண்டி அடுத்த கடைக்குப் போய் ரெண்டு பன்னீர் சோடா வாங்கி, ரெண்டையும் நின்ன எடத்துலயே கடகடன்னு குடிச்சுட்டு வந்து ஏறினாரு. "போப்பா"ன்னாரு. நான் அரியாங்குப்பம் பாலம் வந்த பொறவுதான் மூச்சு விட்டேன்.

மறுநாள் காலையில நான் மாவாட்டல. கையால கலந்தாத்தான் மாவு பொங்கும், இந்தக் கைய எப்படி மாவுல வைக்கறது? வந்தவங்களுக்கெல்லாம் கரண்ட் இல்லன்னு பொய் சொல்லி அனுப்பினேன். இவரு கேலண்டர் முன்னாடி போய் நின்னாரு. கிழிக்கல. தாளோட முனைய புடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

"நேத்து சேருமா, சேராதாடி?"

"வாயிக்குள்ள போனதெல்லாம் வயித்துக்குள்ள போனதாயிடுமா? கிழிங்க. விடிஞ்சும் விடியாம உயிர எடுக்காதீங்க."

கிழிச்சுக் குடுத்தாரு. "இந்தா, நேத்து"ன்னு சொல்லல, சும்மா குடுத்தாரு. வாங்கிக்கிட்டேன்.

அதோட போச்சான்னா, போகல. பங்குனியில அந்த டைரக்டர் புள்ள ஃபோன் பண்ணியிருக்கான். அன்னிக்கு எடுத்தது கேமராவுல இருக்குதாம், ரொம்ப நல்லா வந்திருக்குதாம், கடைசி எபிசோடு முடியறப்ப 'இவர்தான் உண்மையான கண்ணையன்'னு போட்டு அதக் காட்டலாமான்னு கேட்டிருக்கான். இவரு என்ன ஒரு வார்த்த கேக்காம சரின்னுட்டாரு. எனக்கு மூணு நாள் கழிச்சுத் தெரியும். "உங்க உயிரு ஊசலாடினத ஊருக்குப் படம் போட்டுக் காட்டணுமா?"ன்னு சண்ட போட்டேன். "திரும்ப ஸ்கிரீன்ல வரணும்னு இருந்துச்சுடி"ன்னாரு. அப்படிச் சொல்ற மனுஷங்கிட்ட என்னா சண்ட போடறது? நாலு நாள் பேசாம இருந்தேன், அதுக்கு மேல முடியல.

வைகாசியில தொடரு வந்துச்சு. ஏழு எபிசோடும் நான் பாக்கல. யாழினி ஆடறத எவ பாப்பா? ஆனா அந்தக் கடைசித் துண்டு மட்டும் எல்லாரு ஃபோன்லயும் ஓடுது. மாவு வாங்க வர்றதுங்க எல்லாம், "அக்கா, அண்ணன் கன்னத்த உப்பிக்கிட்டு நிக்கறாரே, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. கடைசியில முழுங்கினாரா, துப்பினாரா?"ன்னு கேக்குதுங்க. இதென்னா கேள்வி, அதான் படத்துலயே இருக்குமேன்னு எனக்கு எரிச்சல். அப்புறம் ஞாயித்துக்கெழம சாயங்காலம், சரி, என்னதான் இருக்குது பாப்போம்னு டிவியில போடச் சொன்னேன். நாங்க ரெண்டு பேருந்தான் ஒக்காந்து பாத்தோம்.

வந்துச்சு. கிளாஸ எடுக்கறாரு, கவுக்கறாரு. கன்னம் உப்புது. காது ரெண்டும் ஒண்ணா ஆடுது. பின்னாடி எல்லாரும் சிரிக்கற சத்தம். ஓரத்துல டைம் ஓடுது, பாத்துக்கிட்டே இருந்தேன், பத்தொம்போது செகண்டு. அந்தக் கண்ணு என்னையே பாக்குது, ஆனா பாக்கறவங்களுக்கு அது கேமராவப் பாக்கற மாதிரி இருக்குது. நான் அடுத்து என் கை வரும்னு பாக்கறேன். வரல. பாட்டு வந்துச்சு, பேரெல்லாம் ஓட ஆரம்பிச்சுடுச்சு.

"என் கை எங்க?"

"வெட்டிட்டாங்கடி. அதோட நிறுத்தினாத்தான் பஞ்ச் இருக்குதாம்."

"பஞ்சா? அவன் தலையில இடி விழ! அந்தக் கையில வீச்சம் போக எனக்கு ரெண்டு நாளாச்சு. ரெண்டு நாள் மாவு விக்கல நான். நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? இப்ப ஊரு முழுக்க முழுங்கினாரா துப்பினாரான்னு எங்கிட்ட வந்து கேக்குது. யாழினிக்கு எட்டு எபிசோடு, எனக்கு ஒரு கை, அதையும் வெட்டிட்டானா?" கத்திக்கிட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வேற நிக்காம வந்துச்சு. வரட்டும்னு விட்டுட்டேன்.

இவரு டிவிய அணைச்சாரு. ரிமோட்டயே பாத்துக்கிட்டு கேட்டாரு.

"ஆதி, அன்னிக்கு நான் துப்பறதுக்குத்தான் எடம் தேடிக்கிட்டு நின்னேன்னு நெனச்சியா?"

"இல்ல."

"பின்ன?"

"முழுங்கத்தான் நின்னீங்க."

அவரு தலய நிமுத்தல. "அது வாயில எப்படி இருந்துச்சு தெரியுமா? அம்மா வீட்டுக்குப் போன மாதிரி இருந்துச்சுடி. தொண்ட வரைக்கும் வந்துடுச்சு. அந்த பத்தொம்போது செகண்டும் நான் முழுங்கிடத்தான் பாத்தேன். தெரிஞ்சுமா கைய நீட்டின?"

"தெரிஞ்சதாலதான்யா நீட்டினேன். துப்பற ஆளுக்கு நான் எதுக்குக் கை நீட்டணும்? அவனுக்குத்தான் பூந்தொட்டி இருக்குதே."

அவரு காதப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணா ஆடிக்கிட்டு இருந்துச்சு.

"இன்னொரு தடவ வந்தா?"ன்னாரு.

"வந்தா இன்னொரு தடவ நீட்டறேன். எனக்கு வேற என்னா வேல? எழுந்து கைய கழுவிக்கிட்டு வாங்க, தோச ஆறிப் போவுது."